கோட்பாட்டு இயற்பியல் ப்ராஜெக்ட் சிக்கிக்கொண்டால்: அறிகுறி வாரியாக எதை முதலில் பார்ப்பது

எம்.எஸ்சி. நான்காம் செமஸ்டரில் தியரி ப்ராஜெக்ட் எடுத்தவர்கள் ஜனவரியில் ஒரு கேள்வியோடு வருவார்கள், மார்ச்சில் இன்னொரு கேள்வியோடு வருவார்கள். வருஷா வருஷம் ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஏதாவது பழுதானால் ஃபியூஸ் போகும், வாடை வரும். தியரியில் பழுது சத்தமே போடாது. நோட்டில் பல பக்கம் தாண்டிய பிறகுதான் தெரியும், அதற்குள் பழுது எந்தப் பக்கத்தில் புகுந்தது என்பதே மறந்திருக்கும்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய காரணம் முதலில், வாரக்கணக்கில் செலவு வைக்கும் காரணம் கடைசியில். நடுவில் தாவாதீர்கள். பலரும் எடுத்த எடுப்பில் போய் நிற்கும் காரணம் "எனக்குத் தியரி வராது சார்" என்பது. அதை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

அறிகுறி 1: தலைப்பு இருக்கிறது, நாளைக் காலை உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியவில்லை

தலைப்பு என்று நீங்கள் சொல்வது பாடத்தின் பெயராக இருக்கலாம். "கருந்துளைகள்", "குவாண்டம் கம்ப்யூட்டிங்", "டார்க் மேட்டர்" எல்லாம் நூலக அலமாரியில் ஒட்டும் பெயர்கள். எந்த அளவைக் கணக்கிடப் போகிறீர்கள், எதை மாற்றினால் அது எப்படி மாறுகிறது என்று பார்க்கப் போகிறீர்கள்? ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "நான்காம் அடுக்கு உறுப்பு சேர்த்த அலையியற்றியின் தரைநிலை ஆற்றலை, அந்த உறுப்பின் கெழுவான லாம்டா 0.1-லிருந்து 1 வரை போகும்போது, பெர்ட்டர்பேஷனிலும் (சிறு திருத்தங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகும் முறை) எண்முறையிலும் கண்டுபிடித்து ஒப்பிடுவது." இது வேலை. நாளைக் காலை இதில் கை வைக்கலாம்.

வாக்கியம் இருந்தும் நகரவில்லையா? பேஸ் பேப்பரை, அதாவது உங்கள் ப்ராஜெக்ட் எந்தக் கட்டுரையின் மேல் நிற்கிறதோ அதை, பாருங்கள். நூறு பக்க மறுஆய்வுக் கட்டுரையைப் பேஸ் பேப்பராக வைத்துக்கொண்டு யாரும் கரை சேர்ந்ததில்லை. சின்னக் கட்டுரையாக, நீங்களே திரும்ப வரையக்கூடிய ஒரு வரைபடமாவது உள்ளதாக இருக்கவேண்டும். அந்த வரைபடத்துக்கு வேண்டிய எல்லா எண்களும் கட்டுரைக்குள் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பென்சிலால் டிக் அடியுங்கள்: நிறை, பொட்டன்ஷியலின் ஆழம், லாட்டிஸின் அளவு, வெப்பநிலை வீச்சு. ஒன்று குறைந்தாலும் மார்ச் மாதம் அதைத் தேடித்தான் கழியும். வேறு கட்டுரைக்கு மாறுங்கள்.

இன்னொரு காரணம் நம் கல்லூரிகளுக்கே உரியது. கைடு படிக வளர்ப்பிலோ மெல்லேட்டிலோ பிஎச்.டி. செய்தவராக இருப்பார், மாணவருக்கு ஜெனரல் ரிலேட்டிவிட்டி வேண்டும். அவர் மறுக்கமாட்டார், "பாத்துக்கோப்பா" என்பார். பிரச்சினை வந்தால் கேட்க ஆள் இருக்காது. தியரி தெரிந்த ஒருவரை இணை கைடாக வைத்துக்கொள்ள முடியுமா என்று துறைத்தலைவரிடம் ஜனவரியிலேயே கேளுங்கள், வெளி நிறுவனம் என்றால் கடிதம் வேண்டியிருக்கும். பிப்ரவரி பிறந்தும் அந்த ஒற்றை வாக்கியம் கைக்கு வரவில்லை என்றால் கைடைப் பாருங்கள். "தலைப்பு குடுங்க சார்" என்று வெறுங்கையோடு போகவேண்டாம். இரண்டு வாக்கியங்களை எழுதிக்கொண்டு போய் எது செய்யத் தக்கது என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் முடியும்.

அறிகுறி 2: பேப்பரில் ஒரு சமன்பாட்டிலிருந்து அடுத்ததுக்குப் போகவே முடியவில்லை

பன்னிரண்டாம் சமன்பாடு புரிகிறது, பதிமூன்றாவது வானத்திலிருந்து விழுந்தது போல இருக்கிறது, நடுவே "எளிதில் காட்டலாம்" என்று ஒரு வரி. இங்கே மூன்று வாரம் போனவர்கள் உண்டு.

முதலில், பழுது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. காகிதத்தை மூடிவிட்டு கால்குலேட்டரையோ பைத்தானையோ எடுங்கள். மாறிகளுக்குக் கோணல்மாணலான எண்களைக் கொடுங்கள், 0.37, 1.83 மாதிரி. பூச்சியம், ஒன்று வேண்டாம், அவை தப்பை மறைத்துவிடும். உங்கள் விடையிலும் பேப்பரின் விடையிலும் போட்டுப் பாருங்கள். மூன்று வேறு இடங்களில் செய்தால் போதும்.

*மூன்று இடத்திலும் விகிதம் ஒரே எண்:* ஒரு காரணி விட்டுப்போயிருக்கிறது, வழி சரிதான். அந்த எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். 2 என்றால் ஜோடிகளை இருமுறை எண்ணியிருக்கிறீர்கள், அல்லது எலக்ட்ரானின் ஸ்பின்னுக்கான இரட்டிப்பை மறந்திருக்கிறீர்கள். 4 என்றால் ஒருவர் பாலி மேட்ரிக்ஸில் எழுதுகிறார், மற்றவர் அதில் பாதியான ஸ்பின் ஆப்பரேட்டரில் எழுதுகிறார். ஸ்பின் செயின் பேப்பர்களில் இது தினசரிக் கூத்து. 2 பை என்றால் ஃபூரியர் மாற்றத்தின் வழக்கம், அல்லது எச்-சும் எச்-பாரும் குழம்பியிருக்கிறது. 4 பை வந்தால் ஒருவர் காஸியன் அலகில் இருக்கிறார், நீங்கள் எஸ்.ஐ.-யில் இருக்கிறீர்கள். ரூட் 2 என்றால் நார்மலைசேஷன்.

*விகிதம் மைனஸ் ஒன்று, அல்லது சில உறுப்புகளில் மட்டும் குறி மாறுகிறது:* ரிலேட்டிவிட்டி ப்ராஜெக்ட் என்றால் மெட்ரிக்கின் குறி வழக்கத்தைப் பாருங்கள். பேப்பர் காலத்துக்கு மைனஸ் போடும், உங்கள் பாடப்புத்தகம் இடத்துக்கு மைனஸ் போடும். இரண்டுமே சரி, கலந்தால்தான் தப்பு. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் வேலையாக அதன் வழக்கங்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்: மெட்ரிக் குறி, எதெல்லாம் ஒன்று, ஃபூரியரில் 2 பை எங்கே உட்கார்ந்திருக்கிறது. பேஸ் பேப்பரும் துணைப் பேப்பரும் வெவ்வேறு வழக்கம் என்றால் இரண்டு பத்தியாக எழுதுங்கள்.

*வித்தியாசம் ஒரே எண்:* ஒரு மாறிலி விட்டுப்போயிருக்கிறது. ஆற்றலின் பூச்சியத்தை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால் அநேகமாகக் கிடைத்துவிடும்.

*எதுவும் நிலையாக இல்லை:* இப்போதுதான் உண்மையான தப்பு. பகுதித் தொகையிடலில் எல்லையில் நிற்கும் உறுப்பைப் பேப்பர் சொல்லாமல் தூக்கிப் போட்டிருக்கலாம். முடிவிலியில் சார்பு பூச்சியமாவதால் அது போகும். உங்கள் பொட்டன்ஷியலில் அப்படிப் பூச்சியமாகிறதா? அடுத்தது, ஆப்பரேட்டர்களின் வரிசை. எக்ஸையும் பி-யையும் இடம் மாற்றும்போது எச்-பார் ஒன்று விழும், அதை விட்டால் பின்னால் எல்லாமே பிசகும். அதற்கும் பிறகு, சொல்லாமல் செய்த தோராயம். "சிறியது" என்று ஒரு வார்த்தை நாலு பத்திக்கு முன்னால் ஒளிந்திருக்கும்.

இதெல்லாம் பார்த்தாகிவிட்டது என்றால் பேப்பரைச் சந்தேகப்படலாம். கட்டுரைகளில் அச்சுப்பிழை அபூர்வம் இல்லை. ஆர்க்கைவில் (கட்டுரைகளை இலவசமாகப் போட்டுவைக்கும் இணையதளம்) அதே கட்டுரையின் பிந்தைய பதிப்பு இருக்கிறதா, இதழில் திருத்தம் வெளியிட்டிருக்கிறார்களா, அதே குழுவின் அடுத்த கட்டுரையில் அந்தச் சமன்பாடு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் யாராவது அதே பேப்பரை வைத்து பிஎச்.டி. செய்திருந்தால் ஷோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) ஆய்வேடு கிடைக்கும். பேப்பர் தாவிய படிகளை ஆய்வேடுகள் பெரும்பாலும் நிதானமாக எழுதியிருக்கும்.

ஒரு வாரத்துக்கு மேல் ஒரே வரியில் நிற்கவேண்டாம். அதன்பின் கைடு. கைடுக்கும் தெரியவில்லை என்றால் பேப்பரின் ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடலாம், பலர் பதில் போடுகிறார்கள். "உங்கள் கட்டுரை புரியவில்லை" என்று எழுதினால் பதில் வராது. எந்தச் சமன்பாடு, நீங்கள் பெற்றது என்ன, இரண்டுக்கும் எந்த இடத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று ஐந்து வரியில் எழுதுங்கள். மேலே சொன்ன எண் சோதனை அந்த மின்னஞ்சலுக்கும் பயன்படும். காத்திருக்கும் நாட்களில் அந்தச் சமன்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்ததுக்குப் போங்கள், ரிப்போர்ட்டில் அதை மறைக்காமல் சொன்னால் போதும்.

அறிகுறி 3: கோடு (கணினி நிரல்) ஓடுகிறது, எரர் இல்லை, விடை மட்டும் தப்பு

"சார், எரர் எதுவும் காட்டல, ஆனா கிராஃப் இப்படித்தான் வருது." மார்ச் மாதத்தின் தேசிய கீதம் இது. இங்கே கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் நான் பார்க்கும் பழுதுகளில் பாதிக்கு மேல் இங்கேதான்.

உங்கள் ப்ராஜெக்ட்டின் விடையை வைத்துக் கோடைச் சோதிக்க முடியாது, அந்த விடைதான் தெரியாதே. விடை தெரிந்த கணக்கு ஒன்றை அதே கோடுக்குள் போடுங்கள். ஒரு வரிதான் மாறவேண்டும். சோதனைக்கென்று புதுக் கோடு எழுதினால் சோதிக்கப்படுவது அந்தப் புதுக் கோடுதான்.

*3அ. ஷ்ரோடிங்கர் சமன்பாடு, ஆற்றல் நிலைகள்*

உங்கள் பொட்டன்ஷியலை எடுத்துவிட்டு சாதாரண ஒத்திசை அலையியற்றியைப் போடுங்கள். எச்-பார், நிறை, கோண அதிர்வெண் மூன்றும் 1. வரவேண்டியது 0.5, 1.5, 2.5. வருவதை வைத்து நோயைச் சொல்லிவிடலாம்.

0.707, 2.121, 3.536 வந்தால் ஓர் அரை காணாமல் போயிருக்கிறது. இயக்க ஆற்றலிலோ பொட்டன்ஷியலிலோ, இரண்டில் ஒன்றில். 1, 3, 5 வந்தால் இரண்டிலுமே அரை இல்லை. அது தப்பாகவே இருக்கவேண்டியதில்லை, பல பேப்பர்கள் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் உங்கள் பேப்பர் எதில் எழுதியது என்று தெரிந்துகொள்ளுங்கள். நான்காம் அடுக்கு உறுப்பு கெழு 1-ஓடு சேர்ந்தால், அரைகளோடு எழுதியவருக்குத் தரைநிலை 0.8038, அரைகள் இல்லாமல் எழுதியவருக்கு 1.3924. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எது சரி என்று மண்டையை உடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

0.4997, 1.4984, 2.4959 வந்தால் கோடு சரி. கட்ட இடைவெளி 0.1 வைத்து மூன்று புள்ளி வாய்பாட்டில் செய்தால் இப்படித்தான் வரும். இடைவெளியை 0.05 ஆக்குங்கள், பிழை நான்கில் ஒரு பங்காகக் குறையவேண்டும். குறையவில்லை என்றால் எல்லையில் தப்பு இருக்கிறது. கீழ்நிலைகள் ஒழுங்காக வந்து மேல்நிலைகள் மட்டும் மேலே ஏறினால் பெட்டி சிறியது. மைனஸ் 5-லிருந்து 5 வரை பெட்டி போட்டுவிட்டு பன்னிரண்டாம் நிலையைக் கேட்டால், அதன் திரும்புபுள்ளியே 5-ல்தான் இருக்கிறது, எப்படி வரும்? ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: இந்த வாய்பாட்டில் கட்டம் சொரசொரப்பாக இருந்தால் ஆற்றல் கீழே இறங்கும், பெட்டி சிறியதாக இருந்தால் மேலே ஏறும்.

நிலைகள் கலைந்த வரிசையில் வந்தால் பைத்தானில் பொதுவான ஐகன் ரூட்டினை அழைத்திருக்கிறீர்கள். பெயரின் கடைசியில் எச் சேர்ந்த, சமச்சீர் அணிகளுக்கான ரூட்டின் வரிசைப்படுத்தியே கொடுக்கும். ஃபோர்ட்ரான்காரர்கள் 1/2 என்று எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். அங்கே அது முழுஎண் வகுத்தல், விடை பூச்சியம். இயக்க ஆற்றலே மாயமாகியிருக்கும்.

*3ஆ. ஐசிங் மாடல், மான்டி கார்லோ*

ஐசிங் என்பது மேலோ கீழோ நோக்கும் ஸ்பின்களைக் கட்டங்களில் அடுக்கிய காந்த மாதிரி, மான்டி கார்லோ என்பது அதைச் சீரற்ற எண்களால் ஓட்டிப் பார்க்கும் முறை. இரு பரிமாண ஐசிங்குக்கு ஆன்சாகர் 1944-லேயே சரியான விடை கொடுத்துவிட்டார். ஆகவே இந்தக் கோடு தப்பாக இருக்க சாக்கே கிடையாது. பக்கத்து ஸ்பின்களின் பிணைப்பு வலுவான ஜே-யும் போல்ட்ஸ்மன் மாறிலியும் 1 என்றால் மாறுநிலை வெப்பநிலை 2.269.

வெப்பநிலையை 0.5-ல் வைத்து, எல்லா ஸ்பின்னும் மேல் நோக்கி இருக்கத் தொடங்குங்கள். ஒரு ஸ்பின்னுக்கு ஆற்றல் மைனஸ் 2 வரவேண்டும். மைனஸ் 4 வந்தால் ஒவ்வொரு பிணைப்பையும் இருமுறை எண்ணுகிறீர்கள். அடுத்து தன்வெப்பத்தின் உச்சி. அது 2.27-க்குப் பக்கத்தில் இல்லாமல் 1.13 அருகே வந்தால், ஸ்பின்னைத் திருப்பும்போது ஆற்றல் வித்தியாசத்தில் ஒரு 2-ஐ விட்டுவிட்டீர்கள். 4.54 அருகே வந்தால் ஒரு 2 கூடுதல். இந்த இரண்டாவது கொஞ்சம் விஷமமானது: முப்பரிமாணக் கனசதுர லாட்டிஸின் மாறுநிலை 4.51. இணையத்தில் தேடும் மாணவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு "பக்கத்துல வருது சார்" என்று சந்தோஷமாகப் போய்விடுவார்.

உச்சியும் சரி, ஆனால் குளிர்ந்த பக்கத்தில் காந்தமாக்கம் பூச்சியமா? திரையில் ஒவ்வோர் அளவீட்டையும் புள்ளியாக வைத்துப் பாருங்கள். சின்ன லாட்டிஸில் பாதிப் புள்ளிகள் ப்ளஸ் 0.9-ல் கூடியிருக்கும், பாதி மைனஸ் 0.9-ல். நடுவே ஈ காக்கை இருக்காது. ஆனால் நீங்கள் வரைந்த சராசரி அந்த நடுவில்தான் ஓடும். லாட்டிஸ் முழுதும் அவ்வப்போது புரண்டுவிடுகிறது, அது கோடின் தப்பு இல்லை. காந்தமாக்கத்தின் குறியை நீக்கிவிட்டு சராசரி எடுங்கள். சரியான விடை வெப்பநிலை 2.0-ல் 0.911, 1.5-ல் 0.9865.

0.9-மும் இல்லை, பூச்சியமும் இல்லை, 0.3, 0.1 என்று ஏதோ ஓர் எண்ணில் உறைந்து நிற்கிறதா? லாட்டிஸைப் படமாக வரையுங்கள். கருப்பு வெள்ளைப் பட்டைகளாக இருக்கும். கலைந்த நிலையிலிருந்து திடீரெனக் குளிர வைத்தால் இப்படிப் பட்டை கட்டி மாட்டிக்கொள்ளும். மேலே இருந்து படிப்படியாக இறக்குங்கள், அல்லது ஒழுங்கான நிலையிலிருந்து தொடங்குங்கள்.

2.27-ஐச் சுற்றி மட்டும் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறினால் அங்கே ஒவ்வொரு ஸ்பின்னாகத் திருப்பிப் பார்க்கும் மெட்ரோபோலிஸ் முறை மந்தமாகிவிடுகிறது, அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. முதலில் ஓட்டத்தை நீட்டுங்கள். தொடக்கப் பகுதியைத் தூக்கிப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 1989-ல் வோல்ஃப் சொன்ன கொத்து முறைக்கு மாறவேண்டும். இது ஒரு வார வேலை, ஏப்ரலில் தொடங்காதீர்கள்.

*3இ. காலப்போக்கில் நகரும் கணக்குகள், கேயாஸ்*

சாதாரண ஊசலைப் போட்டு ஆற்றலை வரையுங்கள். ஆய்லர் முறை என்றால் ஒவ்வொரு படியிலும் ஆற்றல் ஊதும்: படி 0.01 என்றால் ஆயிரம் படியில் பத்து சதவீதத்துக்கு மேல். நான்காம் வரிசை ருங்கே-குட்டாவில் படியைப் பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒரு பங்காகவேண்டும். ஆகவில்லை என்றால் நான்கு இடைநிலைச் சாய்வுகளில் ஏதோ ஒன்றில் பழைய மதிப்பையே போட்டிருக்கிறீர்கள், பெரும்பாலும் நேரத்தை.

திருச்சி பக்கம் நான்லீனியர் டைனமிக்ஸ் ப்ராஜெக்ட் அதிகம். முரளி, லட்சுமணன், சுவா மூவரும் 1994-ல் கொடுத்த மின்சுற்றை எடுக்காத பேட்ச் குறைவு. அவர்களுக்கு ஒரு தனிப் புகார் உண்டு: "என் லேப்டாப்ல ஒரு பாதை, ஃப்ரெண்டு லேப்டாப்ல வேற பாதை." பழுதே இல்லை, கேயாஸ் என்றால் அதுதான். லாரன்ஸ் சமன்பாட்டை அதன் வழக்கமான எண்களோடு (10, 28, 8/3) போட்டால் மிகப்பெரிய லியாபுனோவ் எண் (சின்ன வித்தியாசம் வளரும் வேகம்) 0.906. பதினாறாம் தசம இடத்து வித்தியாசம் சுமார் 40 அலகு நேரத்தில் முழு அளவுக்கு வளர்ந்துவிடும். பாதையை ஒப்பிடாதீர்கள், லியாபுனோவ் எண்ணை ஒப்பிடுங்கள். அதைக் கணக்கிடும் கோடைச் சோதிக்க லாஜிஸ்டிக் மேப் போதும்: ஆர் 4-ல் 0.693 வரவேண்டும்.

பழுது போலத் தெரியும் இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்காம் அடுக்கு உறுப்பு சேர்த்த அலையியற்றியின் பெர்ட்டர்பேஷன் தொடரில் லாம்டா 0.1-க்கு ஒவ்வொரு வரிசையாகக் கூட்டினால் 0.575, 0.5488, 0.5696, 0.5454 என்று போகும். சரியான விடை 0.5591. கூட்டக் கூட்ட விலகுகிறதே என்று கெழுக்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கவேண்டாம். அந்தத் தொடர் குவிவதே இல்லை என்பதை பெண்டரும் வூவும் 1969-ல் காட்டிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், தேர்வாளருக்குப் பிடிக்கும்.

*ஆளைக் கூப்பிடும் இடம்:* விடை தெரிந்த கணக்கும் தப்பாகவே வந்து, மேலே சொன்ன எந்த எண்ணோடும் பொருந்தவில்லை என்றால், கோடு எழுதத் தெரிந்த சீனியர் ஆராய்ச்சி மாணவரிடம் போங்கள். அவரிடம் முழுக் கோடையும் நீட்டாதீர்கள். தப்பு வரும் அளவுக்குச் சுருக்கி ஒரு பக்கமாக்குங்கள். சுருக்கும்போதே பாதிப் பேருக்குத் தப்பு தெரிந்துவிடும். விடை தெரிந்த கணக்கு சரியாக வந்து உங்கள் கணக்கு மட்டும் பேப்பரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அது கோடின் பிரச்சினை இல்லை, அறிகுறி 2-க்குத் திரும்புங்கள்.

அறிகுறி 4: கோடு முடியவே மாட்டேன் என்கிறது

சிறிய அளவில் ஓட்டி நேரத்தைக் குறியுங்கள், அளவை இரட்டிப்பாக்கி மறுபடி குறியுங்கள். அணி மூலைவிட்டமாக்கல் என்றால் நேரம் எட்டு மடங்காகும். அதிலிருந்தே முழுக் கணக்கு எத்தனை நாள் இழுக்கும் என்று தெரிந்துவிடும். பல சமயம் விடை "சம்மர் லீவு முடியும் வரை" என்று வரும்.

மலிவான தீர்வு, பைத்தானில் உள் லூப்பை நம்பா என்ற வேகப்படுத்தும் நூலகத்திடம் கொடுப்பது. ஐசிங்கில் ஆற்றல் வித்தியாசம் மைனஸ் 8, மைனஸ் 4, 0, 4, 8 என்று ஐந்தே மதிப்புகள்தான், எக்ஸ்பொனென்ஷியலை ஒவ்வொரு முறையும் கணக்கிடாமல் முன்கூட்டியே பட்டியலிட்டு வையுங்கள். அடுத்தது, அணியில் பெரும்பகுதி பூச்சியம் என்றால் ஸ்பார்ஸ் வடிவத்துக்கு மாறுவது, வேண்டிய கீழ்நிலைகளை மட்டும் கேட்பது.

ஸ்பின் செயின்காரர்கள் மட்டும் கையில் கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். 12 ஸ்பின்னுக்கு 4096 நிலைகள், முழு அணி 134 எம்.பி., லேப்டாப் தாங்கும். 14-க்கு 2.1 ஜி.பி., முனகும். 20-க்குப் பத்து லட்சத்துக்கு மேல் நிலைகள், முழு அணிக்கு எட்டு டெராபைட்டுக்கு மேல் நினைவகம் வேண்டும். அதற்கு எந்த லேப்டாப்பும் கிடையாது, கேட்டு வாங்கவும் முடியாது. சமச்சீர்மையைப் பயன்படுத்துங்கள் அல்லது 12-லேயே நிறுத்துங்கள். துறையின் சர்வரைக் கேட்பது அதற்குப் பிறகுதான். கூகுளின் இலவச கோலாபில் இரவு முழுக்க ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் இணைப்பு அறுந்திருக்கும், நடுநடுவே கோப்பில் எழுதிக்கொண்டே போகும்படி செய்யுங்கள்.

அறிகுறி 5: பேப்பரின் வரைபடம் அப்படியே வந்துவிட்டது. "இதுல உன் வேலை என்ன?" என்கிறார் கைடு

இது நல்ல இடம். பயப்படாதீர்கள். எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் உலகம் காணாத விடையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பேப்பர் ஓட்டிய வீச்சுக்கு வெளியே ஒரு பாராமீட்டரைக் கொண்டுபோங்கள், அதே கோடு, ஒரு மாலை வேலை. அது சுவாரசியமாக இல்லை என்றால் எல்லை நிபந்தனையை மாற்றுங்கள், லாட்டிஸைச் சதுரத்திலிருந்து முக்கோணமாக்குங்கள் (மாறுநிலை 3.641, ஒப்பிட எண் இருக்கிறது). புதிய உறுப்பு ஒன்றைச் சேர்ப்பது மிகச் செலவான வழி, ஏப்ரல் பிறந்திருந்தால் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

அறிகுறி 6: கைடிடமிருந்து பதிலே இல்லை

"சார் பாக்கவே மாட்டேங்கறார்" என்பதற்கு மிகச் சாதாரணமான காரணம், நீங்கள் அனுப்பியது அறுபது பக்கக் கோப்பும் "பார்க்கவும்" என்ற ஒரு சொல்லும். ஒரு வரைபடம், ஒரு கேள்வி, ஆம்-இல்லை என்று பதில் சொல்லும்படி அனுப்பிப் பாருங்கள். அல்லது உள்மதிப்பீடு, நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை என்று அவர் மாட்டியிருப்பார். வாரத்தில் நிலையாக ஒரு நாள், கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தேதி போட்ட நோட்டில் அவர் சொன்னதை எழுதி அவரிடமே காட்டுங்கள். மூன்று வாரம் இப்படிச் செய்தும் அசையவில்லை என்றால் துறைத்தலைவர். புகாராகப் போகாமல், அந்த நோட்டோடு போங்கள்.

அறிகுறி 7: நோட்டைத் திறக்கவே கை வரவில்லை

ஒரு வாரம் என்றால் ஓய்வு. திறந்ததும் எதில் தொடங்குவது என்று தெரியாததால் என்றால், இன்று மூடும்போதே நாளைய முதல் வரியை எழுதி வையுங்கள். தூக்கம் போய், சாப்பாடு போய், நண்பர்களைக் கண்டாலே விலகிப்போகும் நிலை என்றால் அது ப்ராஜெக்ட் பழுது இல்லை, அதற்குக் கைடும் சரியான ஆள் இல்லை. கல்லூரியின் ஆலோசகர், மருத்துவர், அல்லது அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். இந்த அறிகுறிக்கு மட்டும் வரிசை பார்க்காதீர்கள், நேராகக் கடைசிக்குப் போகலாம்.

அறிகுறி 8: ஒப்புமை அறிக்கையில் (வாசகம் பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டுவது) சதவீதம் எகிறிவிட்டது

யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மீண்டும் தரவேண்டும். அதையும் தாண்டினால் தண்டனை. முதலில் நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை இவற்றை விலக்கிவிட்டுத்தான் ஓட்டினார்களா என்று கேளுங்கள், விதியிலேயே அவை விலக்கு. பல பேருக்கு அங்கேயே சரியாகிவிடும். பிறகு முதல் அத்தியாயம். சதவீதம் ஏறுவது எப்போதும் அறிமுகத்தில்தான், உங்கள் கணக்கில் இல்லை. சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடும் கருவிகளைத் தொடாதீர்கள், "ஸ்பின்" என்பதைச் "சுழல்கை" என்று ஆக்கித் தந்த ரிப்போர்ட்டையெல்லாம் வாசித்தாயிற்று. அறிமுகத்தைச் சுருக்குங்கள். எட்டுப் பக்க வரலாறு யாருக்கும் வேண்டாம்.

அறிகுறி 9: ரிப்போர்ட்டில் இருக்கிறது, விளக்கத் தெரியவில்லை

சாட்பாட்டிடம் டெரிவேஷன் வாங்கியவர்களுக்கு வரும் பிரச்சினை. முதல் வரியும் கடைசி வரியும் சரியாக இருக்கும், நடுவில் ஒரு வரி இன்னொரு வரியிலிருந்து வரவே வராது. அறிகுறி 2-ன் எண் சோதனையை ஒவ்வொரு வரிக்கும் போடுங்கள், உடைந்த இடம் தெரியும். அது கொடுத்த மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் தேடித் திறந்து பாருங்கள், இல்லாத கட்டுரைக்குத் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இருக்கும். சொந்தமாகக் கரும்பலகையில் எழுத முடியாத சமன்பாட்டை பிற்சேர்க்கைக்கு மாற்றுவதில் பயனில்லை, தேர்வாளர்கள் பிற்சேர்க்கையையும் புரட்டுவார்கள். ஒன்று கற்றுக்கொள்ளுங்கள், இல்லையேல் எடுத்துவிடுங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வி பெரும்பாலும் தியரி இல்லை, "இந்த அச்சில் என்ன அலகு?" என்பதுதான். எல்லாம் ஒன்று என்று வைத்துக் கணக்கிட்டவர்கள் ஒரே ஓர் எண்ணையாவது நிஜ அலகில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நானோமீட்டர் முடிவிலிக் கிணற்றில் எலக்ட்ரானின் தரைநிலை 0.376 எலக்ட்ரான் வோல்ட், அந்த மாதிரி.

அறிகுறி 10: பைண்டிங் முடிந்த பிறகு தப்பு தெரிகிறது

எழுத்துப்பிழை, சமன்பாட்டில் விட்டுப்போன ஒரு குறி என்றால் ஒரு தாளில் பக்கம், வரி, தப்பு, சரி என்று தட்டச்சு செய்து எல்லாப் பிரதிகளிலும் செருகுங்கள். கைடுக்கு வைவாவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வரைபடமே தப்பு, முடிவு மாறுகிறது என்றால் செருகுதாள் போதாது. அன்றைக்கே கைடிடம் போய், பழைய வரைபடம், புதிய வரைபடம், மாறிய கோடு வரி மூன்றையும் காட்டுங்கள். மறுபடி பைண்ட் செய்வதா, வைவாவில் சொல்வதா என்பது அவர் எடுக்கவேண்டிய முடிவு. கடையில் கோந்து காய ஒரு நாள் கேட்பார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு போங்கள்.